வெளிநாட்டில் தொழில்வழிச் சிகிச்சை படிக்க நினைக்கிறேன், ஏஜென்சி சொல்வது சரியா?

கொக்குவில்பிள்ளை
திங்கள், இரவு 9.42

வணக்கம். உயர்தரம் பயோ எடுத்தேன். இரண்டாம் தடவையும் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மூன்றாம் தடவை எடு என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், எனக்கு மனமில்லை. அம்மப்பா பாரிசவாதத்தில் விழுந்து கிடந்தபோது அவருக்குத் தானாகச் சட்டை போடப் பழக்கியது வார்ட்டுக்கு வந்த ஓ.ரி. (தொழில்வழிச் சிகிச்சையாளர்) மிஸ்தான். இயங்காத கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இந்தப் படிப்பில்தான் கண்.

ரொறன்ரோவில் மாமா இருக்கிறார், ஸ்பொன்சர் பண்ணுகிறேன் என்கிறார். டவுனில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். அவர்கள் காட்டியது ஒன்ராறியோவில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு. "முடித்தால் ஓ.ரி. வேலை, அப்படியே பி.ஆர்." என்றார்கள், அதாவது நிரந்தர வதிவிடம். படிப்பின் பெயரில் ஒக்குபேஷனல் தெரபியும் இருக்கிறது, பிசியோதெரபியும் இருக்கிறது. ஒரே படிப்பில் இரண்டுமா? ஆஸ்திரேலியா, லண்டன் பக்கம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அப்பா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். செலவை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பனங்கட்டி_ஸ்காபரோ
திங்கள், இரவு 11.15

தங்கச்சி, காசு கட்ட முதல் கொஞ்சம் நில்லுங்கள். படிப்பின் பெயரைக் கடைசிவரை வாசியுங்கள், அசிஸ்டன்ட் என்று முடியும். ஓ.ரி.க்கும் பிசியோவுக்கும் உதவியாளராக வேலை செய்ய எடுக்கிற டிப்ளோமா அது. அதனால்தான் இரண்டு பெயரும் சேர்ந்து வருகிறது.

வேலை கெட்ட வேலை இல்லை. என் மனைவியின் தங்கை அதைத்தான் செய்கிறார். நோயாளியை எழுப்பி நடத்துவது, ஓ.ரி. எழுதிக் கொடுத்த பயிற்சியைச் செய்விப்பது, சக்கர நாற்காலியின் அளவுகளைச் சரிபார்ப்பது என்று நாள் முழுக்க ஓட்டம். ஆனால் நோயாளியை மதிப்பிடுவதும் என்ன சிகிச்சை என்று தீர்மானிப்பதும் ஓ.ரி.யின் வேலை. இந்த டிப்ளோமாவை வைத்துக்கொண்டு பிறகு ஓ.ரி.யாக ஏறிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். டிகிரி ஒன்று முடித்து அதற்கு மேலே மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும்.

கனடாவில் 2008 முதல் மாஸ்டர்ஸ் மட்டத்துப் படிப்புக்குத்தான் அங்கீகாரம். கியூபெக் பக்கம் டிகிரியையும் மாஸ்டர்ஸையும் தொடர்ச்சியாக வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை. மற்ற இடங்களில் உயர்தரம் முடித்த கையோடு நேரே ஓ.ரி. படிக்க வழியில்லை. அந்த மாஸ்டர்ஸ் உள்ள பல்கலைக்கழகங்களே நாடு முழுக்க ஒன்றரை டசினுக்குக் குறைவு. வெளிநாட்டு மாணவருக்கு இடம் வைப்பவை அதிலும் கொஞ்சம். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் போட்டார்கள். பி.ஆர். நிச்சயம் என்று யாராவது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு எழும்பி வாருங்கள்.

சுன்னாகம்_அப்பா
செவ்வாய், காலை 6.20

பிள்ளைகளுக்கு எல்லாம் வெளிநாடுதான். பிசியோ என்றால் ஊரில் நாலு பேருக்குத் தெரியும், இது என்ன வேலை என்று கேட்டால் எனக்கே விளக்கத் தெரியாது. கோடிக்கணக்கில் கொட்டிப் படித்துவிட்டு வந்தால் இங்கே யார் வேலை தரப் போகிறார்கள்? கேலி இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன். என் மகளும் இதே கதைதான் கதைக்கிறாள்.

வார்ட்டில்_ஒருத்தி
செவ்வாய், மதியம் 1.35

ஐயா, நான் இங்கே அரச வைத்தியசாலையில் ஓ.ரி.யாக இருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

பிசியோ கையை அசைய வைப்பார். அசைகிற அந்தக் கையால் ஆள் என்ன செய்யப் போகிறார் என்பது எங்கள் பக்கம். பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம், கை நரம்பு அறுந்தவர்கள், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், மனநல வார்ட் எல்லாம் இதற்குள் வரும். போன கிழமை தோட்டத் தறையில் விரல் நரம்பு வெட்டுப்பட்ட தோட்டக்காரர் ஒருவர் வந்தார். வெந்நீரில் போட்டால் அப்பளம் போல இளகுகிற ஒரு பிளாஸ்ரிக் தகடு இருக்கிறது. அதை அவருடைய கையில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்தால் கைக்கு அளவான தாங்கி தயார். விளிம்பை உருட்டி மழுக்காவிட்டால் இரண்டு நாளில் தோல் புண்ணாகிவிடும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சோறு குழைச்சுச் சாப்பிட ஏலுமோ?" புத்தகத்தில் முள்ளுக்கரண்டியும் கத்தியும்தான் இருக்கும். குழைக்கிற விரலசைவுக்கு நாங்கள்தான் பயிற்சி யோசிக்க வேண்டும். கிணற்றில் அள்ளுவது, குந்தும் மலசலகூடம், சைக்கிளில் ஏறுவது எல்லாம் இப்படித்தான்.

வேலை இல்லை என்பது சரியில்லை, ஆள்தான் இல்லை. வடக்கில் எங்களை எண்ணிவிடலாம்.

தங்கச்சிக்கு ஒன்று. வெளிநாடு பார்க்க முதல் உள்நாட்டைப் பார்த்தீர்களா? களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் ஓ.ரி. டிகிரி இருக்கிறது. பயோ படித்தவர்களுக்கு உயர்தர இசட் புள்ளிப்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூலம்தான் அனுமதி. சுகாதார அமைச்சின் டிப்ளோமாவும் இருக்கிறது, கொழும்பில் படிப்பிக்கிறார்கள், வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியம், மருந்தகம், ஆய்வுகூடம் இருக்கிறது, ஓ.ரி. இல்லை. அது என் நெடுநாள் ஆத்திரம், இங்கே கொட்டுவதில் பயனில்லை.

மெல்பேர்ண்வாசி
செவ்வாய், மாலை 5.10

ஆஸ்திரேலியா பற்றி நான் சொல்கிறேன். இங்கே படித்து இங்கேயே வேலை செய்கிறேன்.

உயர்தரத்தோடு நேரே சேரலாம், நாலு வருட டிகிரி. வேறு டிகிரி இருந்தால் இரண்டு வருட மாஸ்டர்ஸ். இரண்டும் ஒரே பதிவுக்குத்தான் கொண்டுபோகும். பதிவு செய்வது ஆப்ரா என்கிற அமைப்பு. அவர்களுடைய தளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. ஏஜென்சி தருகிற வழுவழுப்பான புத்தகத்தை மூடிவிட்டு முதலில் அதைத் திறவுங்கள். பட்டியலில் இல்லாத படிப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

காசு. வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் பெரும்பாலும் 35,000 முதல் 55,000 ஆஸ்திரேலிய டொலர், பெரிய பெயர் உள்ள இடங்களில் அதற்கும் மேலே. டொலருக்கு 200 ரூபா என்று பிடித்து, 40,000 டொலர் என்று வைத்தால் வருடத்துக்கு 80 இலட்சம். நாலு வருடத்துக்கு மூன்று கோடியே 20 இலட்சம், சாப்பாடு வாடகை தனி. விசாவுக்கு முதல் வருட வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 டொலர் காட்ட வேண்டும், கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேலதிகம். விசாக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டொலர் ஆனது, விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. பலசரக்குக் கடை என்று நீங்கள் எழுதியதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். படிப்புக் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் சட்டம். ஓ.ரி. படிப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: பிளேஸ்மென்ட். தொழில்வழிச் சிகிச்சையாளர் உலகக் கூட்டமைப்பின் விதிப்படி எந்த நாட்டில் படித்தாலும் குறைந்தது 1,000 மணித்தியாலம் களப்பயிற்சி முடிக்க வேண்டும். முழுநேரம், கிழமைக் கணக்கில் தொடர்ச்சியாக, சம்பளம் இல்லாமல். படிப்பின் கட்டாயப் பகுதி என்பதால் அது அந்த 48 மணித்தியாலத்துக்குள் சேராது. ஆனால் பகல் முழுக்க வைத்தியசாலையில் நின்றுவிட்டு இரவில் கடையில் நிற்க உடம்பு விட வேண்டுமே. நகரத்தில் இருந்து நாலைந்து மணி நேரம் தள்ளி நாட்டுப்புற ஊருக்கும் போடுவார்கள். மெல்பேர்ண் அறைக்கும் வாடகை, அந்த ஊர் அறைக்கும் வாடகை, திரும்பி வரும்போது சுப்பர்மார்க்கெட் வேலையும் போயிருக்கும். என்னோடு படித்தவர்கள் அழுததெல்லாம் பரீட்சைக்கு இல்லை, இதற்குத்தான்.

ஆங்கிலம். பல பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ்ஸில் ஒவ்வொரு பகுதியிலும் 7 கேட்கும். மற்றப் படிப்புகளுக்கு 6.5 போதும் என்றவுடன் இதற்கும் அதுதான் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, ஏஜென்சிக்காரர் வாயே திறக்காத விஷயம்: பள்ளிக்கூடம் தமிழ் மூலம் என்றால், இங்கேயே நாலு வருடம் படித்து முடித்தாலும் பதிவு நேரத்தில் மறுபடி ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டி வரலாம்.

வேலை வாய்ப்புப் பற்றிப் பயமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்புறுதித் திட்டம், முதியோர் இல்லங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஓ.ரி. தேடுகின்றன. திறன்சார் குடிவரவுப் பட்டியலிலும் இந்தத் தொழில் இருக்கிறது. ஆனால் பட்டியல் மாறும். அதை நம்பி வீட்டை ஈடு வைக்காதீர்கள்.

லெஸ்டர்க்குளிர்
செவ்வாய், இரவு 10.05

லண்டன் என்று கேட்டீர்கள், நான் லண்டனில் இல்லை, அதனால்தான் கட்டுப்படியாகிறது 😅

இங்கிலாந்தில் டிகிரி மூன்று வருடம், ஸ்கொட்லாந்தில் நாலு. ஏற்கனவே டிகிரி உள்ளவர்களுக்கு மாஸ்டர்ஸ் பெரும்பாலும் இரண்டு வருடம். கட்டணம் ஆண்டுக்குச் சாதாரணமாக 16,000 பவுண்சில் இருந்து 22,000 வரை. சுகாதார மேலதிகக் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்ஸ், விசாவோடு முழு வருடங்களுக்கும் ஒரேயடியாக அறவிடுவார்கள். வங்கியில் காட்டும் காசு 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். தெரிந்த ஒரு பெடியன் இடையில் சீட்டுக் காசு கட்ட எடுத்து, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இலங்கையில் இருந்து வருபவர்கள் காசநோய்ச் சோதனைச் சான்றிதழும் எடுக்க வேண்டும், அதற்குக் கொழும்பு போக வேண்டும்.

இங்கேயும் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ஓ.ரி. மாஸ்டர்ஸ் இரண்டு வகை. ஒன்று பிரி-ரெஜிஸ்ட்ரேஷன், முடித்தால் எச்.சி.பி.சி.யில், அதாவது இங்கே ஓ.ரி.களைப் பதியும் சபையில், பதியலாம். மற்றது ஏற்கனவே ஓ.ரி.யாக இருப்பவர்கள் மேலே படிப்பது, முடித்தால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவதில் இடம் சுலபமாகக் கிடைக்கும், அதனால் ஏஜென்சிகள் அதை நீட்டும். எச்.சி.பி.சி. தளத்திலும் அங்கீகரித்த படிப்புகளைத் தேடலாம். அதோடு, ஓ.ரி. படிப்பு உள்ள எல்லாப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டு மாணவரை எடுக்காது. பிளேஸ்மென்ட் இடங்கள் மட்டு. விண்ணப்பிக்க முதல் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

புலமைப்பரிசில் பற்றிப் பலர் கேட்பார்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்குத்தான், பதிவுக்கான மாஸ்டர்ஸ் அதற்குள் அடங்காது. அரச சுகாதாரச் சேவை மாணவருக்குக் கொடுக்கும் படிப்பு உதவித்தொகையும் எங்களுக்கு இல்லை.

படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்கும் விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். நீங்கள் இனித் தொடங்கினால் உங்களுக்கு 18 மாதம்தான். ஓ.ரி. வேலை கிடைத்தால் சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு மாறலாம்.

பிளேஸ்மென்டில் என் முதல் மதிப்பீடு என்ன தெரியுமா? ஒரு பாட்டி தேநீர் போடுவதைப் பார்ப்பது. வைத்தியசாலைக்குள்ளேயே சின்னச் சமையலறை இருக்கிறது. கேத்தலில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார், தூக்கும்போது மறு கை எங்கே பிடிக்கிறது, பால் போத்தல் மூடியைத் திறக்க எத்தனை தடவை முயல்கிறார், அடுப்படியில் இருந்து மேசைக்குக் கோப்பையை எப்படிக் கொண்டுபோகிறார் எல்லாம் எழுத வேண்டும். வாய் பொத்திக்கொண்டு பார்ப்பதுதான் கஷ்டம். எங்கள் வீட்டு வளர்ப்பில் ஒரு வயதானவர் கேத்தலோடு தடுமாறினால் ஓடிப்போய் வாங்கிவிடுவோம். நான் இரண்டு தரம் எழும்பிவிட்டேன், மேற்பார்வையாளர் கண்ணாலேயே இருத்தினார். பாட்டி தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு "நீ ஏன் பிள்ளை வியர்க்கிறாய்" என்கிற மாதிரி ஒன்று கேட்டார்.

சுன்னாகம்_அப்பா
புதன், காலை 6.05

தேநீர் போடுவதைப் பார்க்க 20,000 பவுண்ஸா 😀 சரி சரி, கோபிக்க வேண்டாம். வார்ட்டில் இருக்கும் பிள்ளை சொன்னது விளங்கியது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று கோடி கடன்பட்டுப் படித்த பிள்ளை இங்கே அரச சம்பளத்துக்குத் திரும்பி வருமா? ஆள் இல்லை என்கிறீர்கள், படித்தவர்கள் எல்லாம் மெல்பேர்ணில் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

மெல்பேர்ண்வாசி
புதன், காலை 8.50

குத்து விளங்குகிறது ஐயா. திரும்பி வரமாட்டார்கள், கடன் விடாது. அதை மறைத்துக் கதைப்பதில் பயனில்லை. அதனால்தான் களனியில் இடம் கிடைத்தால் அதையே எடு என்று நானும் சொல்வேன். இங்கே டிகிரிக்குக் கொட்டும் காசைக் கொட்டாமல், பிறகு அனுபவத்தோடு தகுதி மதிப்பீட்டு வழியில் வரலாம். அதுவும் சுலபம் இல்லை, ஆங்கிலப் பரீட்சை, மேற்பார்வைக் காலம் என்று இழுக்கும். ஆனாலும் வீட்டை ஈடு வைத்து வருவது போல இல்லை.

தாதியம்_இறுதிவருடம்
புதன், பிற்பகல் 2.15

இடையில் நுழைகிறேன். நான் யாழ் பல்கலைக்கழகத்தில் தாதியம் படிக்கிறேன். எனக்கும் அந்த இரண்டு வருட மாஸ்டர்ஸ் சரிவருமா? தாதி வேலையை விட்டுவிட்டு இதற்குப் போவது பைத்தியமா?

மெல்பேர்ண்வாசி
புதன், மாலை 6.30

தம்பி, தாதிய டிகிரிக்குக் கதவு திறந்திருக்கிறது. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படித்திருக்கிறீர்கள், சில இடங்கள் அதைக் கேட்கும். உளவியல் படித்தவர்களும் வருகிறார்கள். மாஸ்டர்ஸ் இரண்டு வருடம் மூச்சு முட்டும், மற்றவர்கள் நாலு வருடத்தில் படிப்பதை அடைத்து வைத்திருக்கிறார்கள். பைத்தியமா என்பதற்கு, ஒரு நாள் ஓ.ரி. ஒருவரோடு போய் நின்று பாருங்கள். எழுத்து வேலை தாதியத்தைவிட அதிகம். வீடுகளுக்கு உபகரணம் கேட்டு அறிக்கை எழுதியே என் பாதி நாள் போகிறது. இன்னொன்று, கார் ஓட்டத் தெரியாதவருக்கு வீடு வீடாகப் போகிற வேலை கிடைக்காது. ஊரிலேயே லைசன்ஸ் எடுத்துவிட்டு வாருங்கள்.

வேலூர்_பழசு
புதன், இரவு 9.20

எல்லோரும் வெள்ளைக்கார நாட்டையே பார்க்கிறீர்கள். நான் தமிழ்நாட்டில் படித்தவன். வேலூர் சி.எம்.சி.யில் ஓ.ரி. டிகிரி பல காலமாக இருக்கிறது, சென்னை, கோயம்புத்தூர்ப் பக்கம் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. இவ்வளவு காலமும் பயிற்சியோடு சேர்த்து நாலரை வருடம். இப்படியான சுகாதாரத் தொழில்களுக்கென்று 2021இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டம் மாறுகிறது, சேர முதல் காலத்தைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஆஸ்திரேலியக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு குறைவு. நோயாளியோடு தமிழிலேயே கதைக்கலாம், முதல் நாளிலேயே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். பலாலியில் ஏறினால் சென்னை.

எல்லாக் கல்லூரியும் ஒன்றில்லை. உலகக் கூட்டமைப்பு அங்கீகரித்ததா என்று பாருங்கள், பிறகு வேறு நாட்டுக்குப் போக நினைத்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இலங்கையில் வேலை செய்ய நினைத்தால் மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

கொக்குவில்பிள்ளை
வியாழன், இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. அக்கா அண்ணாமாரே, நேற்று அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். மாமாவுக்கும் எடுத்துச் சொன்னேன், அவருக்கே அது அசிஸ்டன்ட் படிப்பு என்று தெரிந்திருக்கவில்லை. ஏஜென்சிக்காரரிடம் கேட்டதற்கு "எல்லாம் ஒன்றுதான் பிள்ளை" என்றார். கட்டிய முற்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம், இழுத்தடிக்கிறார்கள்.

களனிக்கு என் இசட் புள்ளி கரையில் நிற்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதை மேலே போடப் போகிறேன். கிடைக்காவிட்டால் வேலூர்ப் பக்கம், அதற்குப் பிறகுதான் இங்கிலாந்து. ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்புக்கு எப்படியும் போகத் தொடங்குகிறேன். வார்ட்டில் இருக்கும் அக்கா, ஒரு நாள் உங்கள் பகுதியில் வந்து நின்று பார்க்கலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

வார்ட்டில்_ஒருத்தி
வியாழன், இரவு 10.30

பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பள்ளிக்கூட அதிபரின் சிபாரிசுக் கடிதத்தையும் இணையுங்கள். நோயாளியின் படம் எடுக்கவோ பெயரை வெளியே சொல்லவோ கூடாது, அதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டால் கெதியாகச் சரிவரும். திங்கள் வேண்டாம், கிளினிக்கில் கால் வைக்க இடமிருக்காது. தட்டைச் செருப்போடு வாருங்கள்.

முற்பணத்துக்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் கதைத்துக்கொண்டே இருந்தால் மாதம் போய்விடும்.

லெஸ்டர்க்குளிர்
வெள்ளி, காலை 4.10

தூக்கம் வரவில்லை, ஒன்று சொல்ல மறந்தேன். எந்த நாடு என்றாலும் பிளேஸ்மென்டுக்கு முதல் தடுப்பூசிப் பதிவு கேட்பார்கள். உங்கள் கிளினிக் கொப்பியைத் தேடி எடுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கறையான் தின்றுவிட்டது, இரத்தம் கொடுத்து ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டி வந்தது. ஹெப்பரைட்டிஸ் பி மறுபடி போட வேண்டி வந்தால் மூன்று ஊசி, முதலாவதில் இருந்து கடைசி ஊசிக்கு ஆறு மாதம் ஆகும். விசா வந்த பிறகு தொடங்கினால் முதல் பிளேஸ்மென்ட் தவறிவிடும்.

கொக்குவில்பிள்ளை
வெள்ளி, காலை 7.30

கொப்பி இருக்கிறது அக்கா, அம்மா அலுமாரியில் காணி உறுதியோடு வைத்திருக்கிறா. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு திகதி அழிந்துபோய் இருக்கிறது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸில் எடுக்கலாமா, அல்லது பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட பதிவு இருக்குமா?